ஆளற்ற அழகு என்னும் பொய்

இலக்கிய வாசகர்கள் கூட்டமாகக் கடலோரம் நடப்பது நல்ல வழக்கம்தான். என் சண்டை நடையோடு அல்ல, நடந்து திரும்பியபின் எழுதப்படும் பயணக்குறிப்புகளோடு. சாயல்குடியில் இறங்கி மூக்கையூர், மாரியூர், வாலிநோக்கம் என்று கரையோரமாகப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டே சொற்களோடு திரும்புகிறார்கள்: ‘வெறுமை’, ‘ஆளற்ற பேரழகு’. கூடவே மத்தியதரைக் கடலோடு ஓர் ஒப்புமை.

ஆளற்றதா? அவர்கள் கடந்து வந்த பனங்காட்டில் பருவம்தோறும் ஒருவர் மரம் ஏறி இறங்குகிறார். கீழே விடிலியில் அவர் வீட்டுப் பெண் பதநீர் காய்ச்சுகிறாள். சீமைக்கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வாலிநோக்கத்தில் கண்ணைப் பறிக்கும் வெண்மை இயற்கையின் கொடை அல்ல. அது அரசு உப்பு நிறுவனத்தின் உப்பளம். வெயிலில் உப்பு வாருகிறவர்களைத் தவிர்த்துவிட்டு வெண்மையை மட்டும் பார்க்க ஒரு தனிப் பயிற்சி வேண்டும். நம் வாசிப்பு அந்தப் பயிற்சியைத் தந்திருக்கிறது என்றால் அது வெட்கத்துக்குரியது.

மத்தியதரைக் கடலையே எடுத்துக்கொள்வோம். இத்தாலியின் லிகுரியக் கரையில் உள்ள சிங்க்வே தெர்ரேயின் ஐந்து ஊர்களுக்கு உலகமே நடக்கப் போகிறது. அந்த மலைச்சரிவின் அழகு, திராட்சை பயிரிட்டவர்கள் சாந்தில்லாமல் கல் அடுக்கிக் கட்டிய படிவயல்களின் அழகு. 1997இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக ஏற்றபோது மனித உழைப்பு உருவாக்கிய பண்பாட்டு நிலக்காட்சியாகவே ஏற்றது. பயிர் கைவிடப்பட்ட இடங்களில் சுவர்கள் சரிகின்றன. உழைப்பு போனால் அழகும் போகும் என்பது அங்கே கண்கூடு. ஒப்பிடுகிறவர்கள் இதையும் சேர்த்து ஒப்பிட வேண்டாமா?

நமக்கு இதைச் சொல்ல யுனெஸ்கோ தேவையில்லை. தொல்காப்பியம் கருப்பொருள்களை அடுக்கும்போது தெய்வம், உணவு, மரம், பறவை ஆகியவற்றோடு தொழிலையும் வைக்கிறது. மீன் உணக்கும் பெண்ணும் உப்பு விற்கும் உமணரும் சங்கப் பாடல்களின் நெய்தலில் பலமுறை வருகிறார்கள்.

‘இலக்கியம் சமூகவியல் அறிக்கை அல்ல, அழகைக் காணும் உரிமை எங்களுக்கு உண்டு’ என்பார்கள். உண்டு. ஆனால் ஆளற்ற கரை என்னும் கற்பனை ஏட்டோடு நிற்பதில்லை. 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவாயின. தலைமுறைகளாக அத்தீவுகளைச் சுற்றி மரிக்கொழுந்துப் பாசி எடுத்த பெண்கள் அதன்பின் அத்துமீறுகிறவர்கள் ஆனார்கள். விரலில் துணி சுற்றி, மூச்சடக்கி மூழ்கும் அவர்களில் பாம்பன் சின்னப்பாலம் பகுதியினர் மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசி எடுப்பதென்று தாமே வரம்பு வகுத்துக்கொண்டவர்கள். அப்படியும் அவர்களுக்கு வழக்கும் பறிமுதலும். ஏர்வாடிக்கு அருகே சுற்றுலா வருகிறவர்களுக்கோ கண்ணாடித் தளமிட்ட படகு. பவளப்பாறைகளைக் காக்கத்தான் வேண்டும். ஆனால் பார்க்க வருகிறவன் விருந்தாளி, அங்கேயே பிழைப்பவள் குற்றவாளி என்ற கணக்கை நம் பயணக்குறிப்புகளும் ஓசையின்றி ஆமோதிக்கின்றன.

அடுத்த முறை சாயல்குடிக்குப் போகும் நண்பர்கள் ஒரு கருப்பட்டியின் விலையையாவது, அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்பதையாவது கேட்டுவந்து எழுதட்டும். கடலை அதற்குப் பிறகு வர்ணிக்கலாம்.