கொடி கட்டிப் பறந்த பெரியப்பா

காலை ஆறு மணி. வாய் நிறைய பேஸ்ட் நுரையோடு நிற்கிறவனை பாத்ரூம் கதவைத் தட்டி, "பெரியப்பா, அங்குவில்லா கொடியில எத்தனை டால்பின்?" என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

"ரெண்டு."

"மூணு" என்று வெளியிலிருந்து பதில் வந்தது. பின்னாலேயே ஒரு பெருமூச்சு.

தம்பி மகள். ஏழாம் வகுப்பு. தம்பிக்கு மாற்றலாகி, போன ஊரில் வீடு தேடிக்கொண்டிருந்ததால் மூன்று மாதமாக எங்களோடு இருந்தாள். பள்ளிகளுக்கிடையே பூகோள வினாடி வினா, கடைசிச் சுற்று கொடிகள். 'பெரியப்பா இருக்க பயமேன்' என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். சின்ன வயசில் ஸ்டாம்ப் சேர்த்தவன் என்கிற தைரியம்.

முதல் நாளே சாயம் வெளுத்தது. "லிபியா?" என்றாள்.

"முழுக்கப் பச்சை! ஒரு கோடு, ஒரு புள்ளி கிடையாது. உலகத்திலேயே சுலபமான கொடி!"

"அது 1977லேர்ந்து 2011 வரைக்கும். கடாஃபியோட சேர்ந்து கொடியும் போயாச்சு. இப்ப சிவப்பு, கறுப்பு, பச்சை, நடுவுல பிறையும் நட்சத்திரமும்."

அடுப்படியிலிருந்து என் சகதர்மிணி இருமினாள். அது இருமல் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

ஐ.நா.வில் உறுப்பு நாடுகள் 193. முட்டி மோதினால் மனப்பாடம் பண்ணிவிடலாம். ஆனால் வினாடி வினாக்காரர்கள் அதோடு விட்டால்தானே? ஐ.எஸ்.ஓ. பட்டியலில் நாடுகளும், இன்னொரு நாட்டின் ஆளுகையில் இருக்கிற துண்டு துக்கடாத் தீவுகளுமாக மொத்தம் 249 பெயர். இந்த மிச்சத்தில்தான் பிள்ளைகள் அழுகிறார்கள்.

இதற்கு முக்கியக் காரணம் வெள்ளைக்காரன். 1865-ல் பிரிட்டிஷார் ஒரு சட்டம் போட்டார்கள். குடியேற்ற நாடுகள் சொந்தமாக ரோந்துக் கப்பல் வைத்துக்கொள்ளலாம். மூலையில் யூனியன் ஜாக் உள்ள நீலக் கொடியில் அவரவர் சின்னத்தைப் பொறித்துப் பறக்க விடலாம் என்று. அந்த வழக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஸ்கூல் யூனிஃபார்ம் மாதிரி எல்லோருக்கும் ஒரே நீலச் சட்டை, பாக்கெட்டில் பேட்ஜ் மட்டும் வேறு. அந்தப் பேட்ஜை உற்றுப் பார்த்துத்தான் பிள்ளையை அடையாளம் கண்டுபிடிக்க வேண்டும். செம்மறி ஆடு நின்றால் ஃபாக்லாந்து. ஆமையும் அன்னாசிப் பழமும் இருந்தால் கேமன் தீவுகள். பச்சைப் பாவாடைப் பெண்மணி ஒருத்தி கையில் யாழோடு சிலுவையைக் கட்டிக்கொண்டு நின்றால் மான்ட்செராட். அங்கே குடியேறிய ஐரிஷ்காரர்களின் நினைவு. உடைந்த கப்பல் இருந்தால் பெர்முடா. 1609-ல் கப்பல் மோதிக் கரையேறியவர்களால்தான் அங்கே குடியேற்றமே ஆரம்பித்தது. (பெர்முடாவுக்கு மட்டும் சட்டை சிவப்பு. கிளாஸ் லீடர் போலிருக்கிறது.)

எனக்கு ரொம்பப் பிடித்தது டர்க்ஸ் அண்ட் கைகோஸ் தீவுகளின் பழைய சின்னம். கரீபியன் பக்கம், மண்டையைப் பிளக்கிற வெயில். அங்கே அந்தக் காலத்தில் தொழில் உப்பளம். அதனால் சின்னத்தில் குவித்து வைத்த உப்பு. நம்ம தூத்துக்குடி ஆசாமி யாராவது வரைந்திருந்தால் பிரச்னையில்லை. லண்டனில் உட்கார்ந்து வரைந்தவர் அந்த வெள்ளைக் குவியலைப் பார்த்து, 'ஓகோ, எஸ்கிமோ வீடு' என்று நினைத்துக்கொண்டு, அதற்கு ஒரு கதவும் வைத்துவிட்டார்! உப்புக் குவியலுக்கு வாசல். பல பத்து வருஷம் அந்தக் கதவோடுதான் கொடி பறந்தது. 1960-களின் கடைசியில்தான் வேறு சின்னம் வந்தது. இப்போது இருப்பது சங்கு, சிங்கி இறால், கள்ளிச் செடி.

இத்தனைக்கும் நடுவே ஒரே ஒரு புண்ணியவான் குவாம். அமெரிக்கர்களின் பசிபிக் தீவு. கொடியின் நடுவிலேயே 'குவாம்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். பரீட்சை பேப்பரில் விடையையும் அச்சடித்துக் கொடுத்த மாதிரி.

சின்னம் இருந்தாலாவது பரவாயில்லை. வெறும் பட்டைகள்தான் எமகாதகம். இந்தோனேஷியா, மொனாக்கோ இரண்டும் மேலே சிவப்பு, கீழே வெள்ளை. இந்தோனேஷியாவுடையது கொஞ்சம் நீளம், மொனாக்கோ கொஞ்சம் குட்டை, அவ்வளவுதான் வித்தியாசம். படத்தை ஒரே அளவில் வெட்டி வைத்தால் பிரம்மாவுக்கும் தெரியாது. 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்ஸுக்குப் போன பிறகுதான் ஹைட்டியும் லீக்டென்ஸ்டைனும் 'அட, நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே கொடி!' என்று கண்டுபிடித்தார்கள். லீக்டென்ஸ்டைன் மறுவருஷமே ஒரு கிரீடத்தைச் சேர்த்துக்கொண்டது. நைஜர் கொடியைத் தூரத்தில் பார்த்தால் நமக்கே சல்யூட் அடிக்கத் தோன்றும். ஆரஞ்சு, வெள்ளை, பச்சை, நடுவே வட்டம். சக்கரத்துக்குப் பதில் ஆரஞ்சுப் பொட்டு.

இதெல்லாம் விளையாட்டு இல்லை. 2012-ல் லண்டன் ஒலிம்பிக்ஸ் சமயம், கிளாஸ்கோ மைதானத்தில் வட கொரியப் பெண்கள் கால்பந்து ஆட வந்தபோது திரையில் தென் கொரியக் கொடியைக் காட்டிவிட்டார்கள். அந்தப் பெண்கள் விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்கள். சமாதானப்படுத்தி ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

போட்டி நாள். கடைசிக் கேள்வி. எங்கள் அணியும் இன்னொரு அணியும் சம மார்க். திரையில் செங்குத்தாக நீலம், மஞ்சள், சிவப்பு. தம்பி மகள் பஸ்ஸரை அமுக்கிவிட்டாள். அமுக்கிவிட்டுத் தயங்கினாள்.

"சார், சாட், ருமேனியா ரெண்டும் இதேதான். சாட்ல நீலம் கொஞ்சம் அடர்த்தி. திரையில சரியாத் தெரியலை."

"ஒரே பதில்தான் சொல்லணும்மா."

"சாட்."

"ஸாரி. ருமேனியா!"

எனக்குச் சுருக்கென்றது. கதை எனக்குத் தெரியும். சாட் இந்தக் கொடியை வைத்துக்கொண்டது 1959-ல். அப்போது ருமேனியா கொடியின் நடுவில் கம்யூனிஸ்ட் சின்னம் இருந்தது, குழப்பமே இல்லை. 1989 டிசம்பர் புரட்சியில் ஜனங்கள் கத்தரிக்கோலால் அந்தச் சின்னத்தை வெட்டி எறிந்து, நடுவில் ஓட்டையோடு கொடி பிடித்தார்கள். சின்னம் போனதும் கொடி சாட் மாதிரியே ஆகிவிட்டது. ஆக, இரண்டு பதிலுமே சரி. மொத்த கதையையும் நானே அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

எழுந்துவிட்டேன். இருநூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"இது அநியாயம் சார்! ருமேனியாவும் நைஜரும் ஒரே கொடிதான்!"

நைஜர். ஆமாம், நைஜர் என்றுதான் சொன்னேன். பதற்றத்தில் நாக்கு ஒரு நாடு தள்ளிப் போய்விட்டது. பக்கத்து நாடுதான், ஆனாலும் அரங்கம் கொல்லென்று சிரித்தது.

"விடை அட்டையில ருமேனியான்னுதான் போட்டிருக்கு, அங்கிள்" என்றார் நடத்துநர். "ஆடியன்ஸ் பேசக் கூடாது. நெக்ஸ்ட்!"

இரண்டாம் பரிசு. ஒரு பிளாஸ்டிக் கோப்பை.

ஆட்டோவில் அவள் பேசவே இல்லை. கோப்பையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி வந்தாள். "நடத்தினவருக்கு ஒண்ணும் தெரியலை, விடு கண்ணு" என்றேன்.

"டீமுக்கு ஒரு அப்பீல் உண்டு பெரியப்பா. நான் கையைத் தூக்கினேன். அதுக்குள்ள நீங்க எழுந்துட்டீங்க. அப்புறம் என்னை யாருமே பார்க்கலை."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் மீட்டரைப் பார்த்தேன்.

வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி இருமவில்லை. "குழந்தைகிட்ட மன்னிப்புக் கேளுங்க" என்றாள். ராத்திரி சாப்பாட்டில் கேட்டேன். "ம்" என்றாள். அந்த 'ம்'முக்கு எந்தக் கொடி என்று புரியவில்லை. வெள்ளை இல்லை என்று மட்டும் தெரிந்தது.

மறுநாள் காலை ஆறு மணி. வாய் நிறைய நுரை. டொக் டொக். கதவிடுக்கில் போன் நீண்டது. சிவப்பில் வெள்ளை ஓரம் வைத்த நீலச் சிலுவை. அப்பாடா, ராசியாகிவிட்டாள்!

"நார்வே!" என்றேன் கம்பீரமாக.

"தப்பு. பூவே."

"பூவேயா? என்ன, சினிமாப் பாட்டா?"

"பூவே தீவு. தெற்கு அட்லாண்டிக்ல இருக்கு. முக்கால்வாசிக்கு மேல பனிக்கட்டி, ஒரு ஆள் கிடையாது. நார்வேக்குச் சொந்தம், அதனால அதே கொடி."

"அதே கொடின்னா நான் சொன்னதும் சரிதானே?"

"அட்டையில பூவேன்னுதான் போட்டிருக்கு, அங்கிள்."