48 நாள் விரதத்துல இடுப்புக்கும் 15 நிமிஷம் ஒதுக்குங்க



தைப்பூசம் நெருங்குது. விரதம் எப்போ தொடங்கணும், காவடிக்கு எங்க பதியணும்னு நிறைய பேர் கேக்குறீங்க. யாரும் கேக்காத ஒண்ணைப் பத்தி இன்னைக்கு எழுதுறேன். அதுதான் இடுப்பு.

பத்துமலையில 272 படி. ஏறும்போது மேளமும் கூட்டமும் நம்மள ஏத்திடும். இறங்கும்போதுதான் கஷ்டம். கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, பக்கவாட்டா, ஒவ்வொரு படியா இறங்குற அம்மாக்களை வருஷா வருஷம் பார்க்குறோம். "முட்டி வலி தம்பி"ம்பாங்க. பல பேருக்கு முட்டி மட்டும் காரணம் இல்ல. ஒரு காலைத் தூக்கினா முழுப் பாரமும் அடுத்த கால்ல. அப்போ இடுப்பு சாயாம பிடிச்சு நிறுத்துறது இடுப்போட பக்கவாட்டுத் தசை. அதுல பலம் இல்லைன்னா முட்டி உள்பக்கமா மடங்கும், வலிக்கும். தோள்ல காவடியோ தலையில பால்குடமோ இருந்தா இன்னும் மோசம்.

மனசை 48 நாள் தயார் பண்றோம். உடம்பை ஒரு நாள்கூட தயார் பண்றதில்ல. இது சரியில்லைங்கிறது என் கருத்து. ஃபேக்டரியில புது மெஷினைக்கூட முதல் நாளே ஃபுல் லோடுல ஓட்ட மாட்டோம்.

தசைக்குப் பலம் ஏற ஆறிலிருந்து எட்டு வாரம் வேணும். 48 நாள்னா ஏறக்குறைய ஏழு வாரம். கணக்கு சரியா வருது பாருங்க.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்யுங்க:

1. மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, பாதத்தைத் தரையில ஊன்றி இடுப்பைத் தூக்குங்க. 5 எண்ணி இறக்குங்க. 10 தடவை.

2. ஒருக்களிச்சுப் படுத்து, மேல் காலை நீட்டி மெதுவா தூக்கி இறக்குங்க. உடம்பு பின்னால சாயக்கூடாது. ஒரு பக்கத்துக்கு 10.

3. நாற்காலியில கை ஊன்றாம எழுந்து, மெதுவா உட்காருங்க. 10 தடவை.

4. சுவரைத் தொட்டுக்கிட்டு ஒத்தைக்கால்ல 20 விநாடி நில்லுங்க. இடுப்பு ஒரு பக்கம் இறங்கக்கூடாது.

எல்லாத்தையும் இரண்டு சுற்று. தசை சோர்ந்தா பரவாயில்ல. மூட்டுலயோ தொடை இடுக்குலயோ குத்துற மாதிரி வலிச்சா, தலை சுத்தினா நிறுத்திடுங்க. இடுப்பு ஆபரேஷன் ஆனவங்க, எலும்பு தேய்மானம் உள்ளவங்க டாக்டரைக் கேட்டுட்டுத் தொடங்குங்க.

"முருகன் பார்த்துக்குவான்"னு சிலர் சொல்வீங்க. பார்த்துக்குவான், சந்தேகமே இல்ல. ஆனா கூட்டத்துல ஒருத்தர் சறுக்கினா பின்னால வர்ற பத்துப் பேரும் சேர்ந்து விழுவாங்க. அதுல கைக்குழந்தையோட வர்றவங்களும் இருக்கலாம். அதனால உடம்பைத் தயார் பண்றது நமக்காக மட்டும் இல்ல.

கோயில் நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். விரத விளக்கக் கூட்டத்துல 10 நிமிஷம் இதுக்கும் கொடுங்க. நம்ம பிள்ளைங்க எத்தனையோ பேர் பிசியோதெரபி படிச்சிருக்காங்க. கூப்பிட்டா வருவாங்க. இதுவும் தொண்டுதான்.

வேலும் மயிலும் துணை. 🙏