ஆசிரியருக்குப் பின்னால் நிற்பவர் யார்?

தலைநகரில் பயிலும் தமிழ் மாணவருக்கு லோதி ரோடு புதிய இடமன்று. வியாழக்கிழமை மாலைகளில் சாயி பாபா கோயிலுக்கு வரும் கூட்டத்தில் பேருந்து நகராமல் நின்றுவிட, இறங்கி நடந்தே போனவர்கள் நம்மில் பலர். அப்படி நடக்கும்போது ஒன்றைக் கவனித்திருக்கலாம். சாலையின் ஒரு கோடியில், நேரு விளையாட்டரங்கின் பக்கம், மத்திய அரசின் அலுவலக வளாகம் இருக்கிறது. அதனுள் எலெக்ட்ரானிக்ஸ் நிகேதன் என்றொரு கட்டடம். மின்னணுவியல், தகவல் தொழில்நுட்ப அமைச்சின் இருப்பிடம் அது. மறுபுறம் லோதி எஸ்டேட்டில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இருக்கிறது. 1923இல் தொடங்கிய அக்கழகம் இன்று இந்நகரில் 7 பள்ளிகளை நடத்தி வருகிறது.

அமைச்சிலிருந்து பள்ளிக்கு அரை மணி நேர நடை. ஆனால், பொறியை வாங்கிப் பள்ளிகளுக்கு அனுப்பும் அலுவலகத்துக்கும் அதை வகுப்பில் தொடவேண்டிய ஆசிரியரின் கைக்கும் இடையே உள்ள தூரம் இருக்கிறதே, அதை நாற்பது ஆண்டுகளாகியும் நம் நாடு முழுவதும் கடந்தபாடில்லை. ஏன் என்று எண்ணிப் பார்ப்பது நம்போன்ற மாணவர்களின் வேலையா என்று சிலர் கேட்கக்கூடும். நம் வேலைதான். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இன்று அமைச்சாக வளர்ந்திருப்பது அன்று மின்னணுவியல் துறை என்ற பெயரில் இருந்தது. அத்துறையும் கல்வி அமைச்சும் சேர்ந்து 1984-85இல் பள்ளிகளுக்குக் கணிப்பொறி கொடுக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கின. ‘கிளாஸ்’ என்பது அதன் சுருக்கப் பெயர். பிரிட்டனில் செய்யப்பட்ட பி.பி.சி. மைக்ரோ என்னும் பொறிகள் முதலில் 250 பள்ளிகளுக்குச் சென்றன. பின்னர் பல நூறு பள்ளிகளுக்குப் பரவின. பள்ளிக்குச் சில ஆசிரியர்கள் மட்டும் ஏறத்தாழ மூன்று வாரம் பயிற்சி பெற்று வந்தார்கள். பொறியோடு வந்த பாட நிரல்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருந்தன. நம் பாடநூலை அறியாதவையாகவும் இருந்தன. பயிற்சி பெற்ற ஆசிரியர் வேறூருக்கு மாற்றலாகிப் போனால், பொறியின்மேல் போர்த்திய துணி போர்த்தியபடியே கிடக்கும். பழைய ஆசிரியர்களைக் கேட்டுப் பாருங்கள். குளிர்பதன வசதியுள்ள ஒரே அறை, அதற்கு ஒரு பூட்டு, சாவி தலைமையாசிரியர் மேசையில் என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகவேண்டும் என்ற விதி வேறு! கோயில் கருவறைக்குக் கூட அவ்வளவு பயபக்தி காட்டியிருக்க மாட்டோம்.

இது கிளாஸ் திட்டத்தோடு தோன்றிய நோயன்று. தில்லியில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15இல் பிறந்தது. இரண்டே ஆண்டுகளில், 1961இல், ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியோடு இந்நகரின் உயர்நிலைப் பள்ளிகளுக்குத் தொலைக்காட்சி வழியாகப் பாடம் நடத்தத் தொடங்கிவிட்டார்கள். திரையில் ஓர் ஆசிரியர் பேசுவார். வகுப்பறையில் ஓர் ஆசிரியர் நிற்பார். திரை ஆசிரியருக்கு விளக்கொளியும் ஒத்திகையும் உண்டு. வகுப்பறை ஆசிரியர்தான், படம் தொடங்குமுன் பாடத்தை அறிமுகப்படுத்தி, முடிந்தபின் ஐயங்களுக்கு விடை சொல்லவேண்டியவர். பாடம் நிற்பதும் விழுவதும் அவர் கையில். ஆனால் எந்தத் திட்டத்திலும் கடைசியாக நினைக்கப்படுபவர் அவரே.

ஒரு முறை மட்டும் அவரை முதலில் நினைத்தார்கள். 1975 ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 என்ற செயற்கைக்கோளை இரவல் பெற்று, 6 மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு நம் விண்வெளி ஆய்வு நிறுவனத்தார் நேரடித் தொலைக்காட்சி கொண்டு சென்றார்கள். ‘சைட்’ என்று அச்சோதனையைச் சொல்வார்கள். அந்த ஓராண்டில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் கற்பிப்பதில் 12 நாள் பயிற்சி இரு முறை நடந்தது. ஒவ்வொரு முறையும் 24 ஆயிரம் ஆசிரியர் அளவில் பங்கு பெற்றனர். எண்ணிக்கையைக் காட்டிலும் நடத்திய முறைதான் நம் கவனத்துக்குரியது. தொலைக்காட்சியும் வானொலியும் பாதி வேலையைத்தான் செய்தன. அறிவியல் சோதனைகளை ஆசிரியர்கள் தம் கையாலேயே செய்து பார்த்தார்கள். ஒவ்வோர் இடத்திலும் அவர்களோடு உட்கார்ந்து ஐயம் தீர்க்க ஒரு வழிகாட்டி ஆசிரியர் இருந்தார். வானத்தில் இருந்த செயற்கைக்கோள் ஓராண்டில் போய்விட்டது. போனால் என்ன? பயிற்சியில் உயிராக இருந்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த ஆசிரியர் அல்லவா!

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடுவார். ‘ஆசிரியரே எதற்கு? கால்காஜியில் சுவரில் பதித்த கணிப்பொறியைக் குடிசைப் பிள்ளைகள் தாமாகவே கற்றுக்கொள்ளவில்லையா?’ என்பார். கற்றுக்கொண்டார்கள், மறுப்பதற்கில்லை. 1999இல் சுகத மித்ரா என்ற அறிஞர் செய்த அச்சோதனை உலகப் புகழ் பெற்றது. ஆனால் அதே மித்ரா, பின்னாளில் காளிக்குப்பம் என்னும் தமிழ்க் கிராமத்தில் செய்த சோதனையை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. உயிரித் தொழில்நுட்பப் பாடத்தை ஆங்கிலத்தில் கணிப்பொறியில் இட்டு, அவ்வூர்ச் சிறுவர் சிறுமியரிடம் விட்டுவிட்டு வந்தார். யாருமின்றித் தாமாகவே படித்து, நூற்றுக்கு முப்பது அளவில் மதிப்பெண் பெற்றார்கள். வியப்புத்தான், ஆயினும் அதற்குமேல் ஏறவில்லை. பிறகு, உயிரித் தொழில்நுட்பம் ஒன்றும் அறியாத ஒருவரை அவர்கள் பின்னால் நிற்கச் செய்தார். அவர் செய்ததெல்லாம், ‘அடடே, இது எப்படிச் செய்தாய்? எனக்கும் காட்டு’ என்று பாட்டி பேரனைக் கேட்பதுபோல் கேட்டதுதான். மதிப்பெண் ஐம்பதை எட்டியது. புதுதில்லியில் தேர்ந்த ஆசிரியரிடம் பயின்ற தனியார் பள்ளி மாணவர்களின் நிலையும் அதுவே.

இதைக் குழந்தைகளைப் பற்றிய செய்தி என்று மட்டும் எடுத்துக்கொள்வது குறை. ஆசிரியரும் கற்கும்போது மாணவர்தாமே? அவர் பின்னால் யார் நிற்கிறார்கள்?

என் சித்தி தஞ்சை மாவட்டத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியை. அவர் போய் வந்த ஒரு பயிற்சி நாளைப் பற்றிச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒரு பெரிய மண்டபம், எண்பது ஆசிரியர்கள், ஒரே ஒரு படவீச்சுக் கருவி. வந்தவர் திரையில் எழுதியிருந்ததை வாய்விட்டுப் படித்தார். பதினொரு மணிக்குத் தேநீரும் சமோசாவும். மாலையில் வருகைக் கையொப்பம், சான்றிதழ். ‘எல்லாம் சரி, அந்த ஒயரை எந்தப் பக்கம் செருகுறதுன்னு கேக்கணும்னு நெனச்சேன். எண்பது பேர் முன்னால கேக்க வெக்கமா இருந்துச்சுடா’ என்றார் சித்தி. முப்பது ஆண்டு வகுப்பில் ராணியைப்போல் நின்றவர், ஓர் ஒயருக்காக நாணினார். அந்த நாணத்தை எந்தச் சான்றிதழ் போக்கும்?

வயதானவர்களுக்கு இதெல்லாம் வராது என்று சொல்வோரை நான் நம்புவதில்லை. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது இதே சித்தி என்ன செய்தார்? அரிசி அளக்கும் படியைக் கவிழ்த்து, அதன்மேல் கைபேசியைச் சாய்த்து, சுவரில் ஒட்டிய பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் எழுதிக் கணக்கு நடத்தினார். யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. பிள்ளைகளை விட மனம் வரவில்லை, அவ்வளவே. பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண் முதல் மூன்று நாள் கூட இருந்து உதவினாள். நாலாம் நாள் தேவைப்படவில்லை.

அரசுகள் ஒன்றும் செய்யவில்லை என்று குற்றம் சாட்டுவது என் நோக்கமன்று. 2017 செப்டம்பர் 5, ஆசிரியர் நாளன்று, ‘தீக்ஷா’ என்ற இணையத் தளம் தொடங்கப்பட்டது. தமிழ்நாடு 2018இல் புதிய பாடநூல்களில் கட்டக் குறியீடுகளை அச்சிட்டு, கைபேசியைக் காட்டினால் பாடப் படம் ஓடும்படி செய்தது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2024இல் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினிகள் வழங்கத் தொடங்கினார்கள். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரம் பயிற்சி பெறவேண்டும் என்கிறது. அக்கொள்கையின் மற்றப் பகுதிகளில், குறிப்பாக மொழிபற்றிய பகுதியில், நமக்குள்ள கருத்து வேற்றுமை வேறு கதை. ஐம்பது மணி நல்லதே. ஆனால் அந்த மணிகளுக்குப் பள்ளி வேலையிலிருந்து விடுதலை உண்டா? இரவு சமையல் முடிந்தபின் கைபேசியில் காணொளியை ஓடவிட்டு, அது ஓடும்போதே விடைத்தாள் திருத்தி, இறுதியில் சான்றிதழைப் பதிவிறக்குவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. அவர்களை எள்ளி நகையாட எனக்கு மனமில்லை.

இன்னொன்றும் உண்டு. தொழில்நுட்பம் ஆசிரியரிடம் எந்த வேடத்தில் வந்து சேர்கிறது? பெரும்பாலும் குமாஸ்தா வேடத்தில்! வருகைப் பதிவு, உதவித்தொகை விவரம், தேர்வு மதிப்பெண் எல்லாவற்றையும் தளத்தில் ஏற்று, இன்றே ஏற்று என்பதாகத்தான் அது வருகிறது. தமிழ்நாட்டில் ‘எமிஸ்’ பதிவேற்ற வேலையைக் குறித்து ஆசிரியர் சங்கங்கள் பலமுறை முறையிட்டிருக்கின்றன. நாள் முழுதும் தம்மை மேய்க்கும் கருவியை மாலையில் அன்போடு எடுத்துப் பாடம் நடத்துவார்களா?

நம் அண்டை மாநிலத்தவரான மலையாளிகளிடம் ஒன்று கற்கலாம். 2001இல் கேரளம் தொடங்கிய பள்ளித் தகவல் தொழில்நுட்பத் திட்டத்தில், வெளியிலிருந்து வல்லுநரை அழைப்பதை விட, ஆசிரியர்களிலேயே சிலரைத் தேர்ந்து மற்ற ஆசிரியருக்குப் பயிற்றுநராக்கினார்கள். கட்டற்ற மென்பொருளைத் தழுவி, தம் மொழியில் தம் பாடத்துக்கேற்பத் திருத்திக்கொண்டார்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியரிடம் ஒயரைப் பற்றிக் கேட்க யாருக்கும் வெட்கம் வராது.

இனி, இது ஏன் நம் வேலை என்பதற்கு வருகிறேன். தலைநகரில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர், தமிழ்நாட்டு ஆசிரியரைவிடத் தனித்தவர். பயிற்சி இந்தியிலோ ஆங்கிலத்திலோ நடக்கும். எடுத்துக்காட்டுப் பாடம் அறிவியலாக இருக்கும், கணக்காக இருக்கும். தமிழில் தட்டெழுதுவது எப்படி, ஒரு பொறியில் அடித்த தமிழ் இன்னொரு பொறியில் ஏன் பூச்சி பூச்சியாகத் தெரிகிறது என்று கேட்டால், பயிற்சி தருபவர் கையை விரிப்பார். தமிழ்நாட்டரசு 2010இலேயே ஒருங்குறியை ஏற்றது. ஆயினும் அதற்கு முன்னும் பின்னும் பழைய எழுத்துருக்களில் அடித்துச் சேர்த்த வினாத்தாள்களும் பயிற்சித் தாள்களும் ஆசிரியர்களின் பெட்டியில் ஊமையாய்க் கிடக்கின்றன. இந்த மாநகரில் அந்த ஐயத்தைத் தமிழில் கேட்டுத் தமிழில் விளக்கக்கூடியவர்கள் யார்? நாம்தான்.

சென்ற பருவத்தில் நண்பர் ஒருவரும் நானும் நகரின் ஒரு பள்ளித் தமிழாசிரியை ஒருவரிடம் நான்கு சனிக்கிழமை போய் வந்தோம். ஐம்பது வயதைக் கடந்த அம்மையார். சொற்பொழிவு எதுவும் தயாரித்துப் போகவில்லை. ‘உங்களுக்கு எது வேண்டும், அம்மா?’ என்று மட்டும் கேட்டோம். சற்று யோசித்தார். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு லகர, ளகர, ழகர வேறுபாடு நாவில் வரவில்லை. தாம் எத்தனை முறை சொல்லிக் காட்டினாலும், அவர்கள் சொல்வதும் அதுவே என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள் என்றார். ‘அவர்கள் குரலை அவர்களே கேட்டால்?’ என்று அவரே வினவினார். பதிவு செய்வது எப்படி, பதிந்தது கைபேசியில் எங்கே போய் உட்காருகிறது, ஒலிபெருக்கியோடு எப்படி இணைப்பது, இம்மூன்றையும் காட்டினோம். வேறொன்றும் நாங்கள் செய்யவில்லை.

அடுத்த வாரம் போனபோது வகுப்பே சிரிப்பில் அதிர்ந்துகொண்டிருந்தது. ‘வாழைப்பழம்’ என்று ஒவ்வொரு பிள்ளையும் சொன்னதை அம்மையார் வரிசையாக ஒலிக்கவிட்டார். தன் குரலைக் கேட்ட ஒரு சிறுவன், ‘மேடம், நான் தப்பா சொல்றேன்!’ என்று தானே கத்தினான். சுவரில் இருந்த பெரிய மின்திரை அன்று அணைந்தே கிடந்தது. மூன்றாம் வாரம் அதைப் போடலாம் என்றோம். போட்டவுடன் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளத் தொடங்கியது. அரை மணி ஆகியும் முடியவில்லை. எங்களுக்கு முகம் வெளுத்துவிட்டது. அம்மையார் சாக்குக் கட்டியை எடுத்துப் பழைய பலகையில் பாடத்தைத் தொடர்ந்தார். கருவியை எப்போது கைவிட வேண்டும் என்பதை அவரிடந்தான் கற்றோம்.

பொறியில் நாம் வல்லவர்கள். பாடத்தில் அவர்கள் வல்லவர்கள். நாம் ஆசிரியருக்கு ஆசிரியராகப் போக வேண்டியதில்லை. காளிக்குப்பத்துப் பிள்ளைகளின் பின்னால் நின்றாரே ஒருவர், அவரைப்போல் நின்றால் போதும்.

இப்பருவத்தில் அந்த அம்மையார் கேட்டிருப்பது பெரிய வேலை. பதினைந்து ஆண்டு வினாத்தாள்கள் ஒரு சேமிப்புக் குச்சியில், பழைய எழுத்துருவில் இருக்கின்றன. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றி, பிழை பார்த்துக் கொடுக்கவேண்டும். எங்கள் இருவர் கை போதவில்லை. இன்னும் மூன்று பேர் வந்தால் தீபாவளி விடுமுறைக்குள் முடித்துவிடலாம். தமிழ்த் தட்டெழுத்துத் தெரிந்தவராயின் நலம்; தெரியாதவரும் வரலாம், பிழை பார்க்க ஆள் வேண்டும். சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு விடுதி வாயிலில் இருப்போம்.