துவக்கைப் பற்றி எங்கே படிப்பது? நூலகத்துக்கும் இணையத்துக்கும் நடுவே வன்னி வாசகர்

2025 பெப்ரவரி 19 ஆம் திகதி, கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குள் கணேமுல்ல சஞ்சீவ சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் சட்டத்தரணி வேடத்தில் வந்திருந்தார். கைத்துப்பாக்கி எப்படி உள்ளே வந்தது என்பதுதான் நாட்டையே பேச வைத்தது. சட்டப் புத்தகம் ஒன்றின் தாள்களைத் துப்பாக்கி வடிவத்துக்கு வெட்டி எடுத்து, அந்தக் குழிக்குள் அதை வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள்.

செய்தி சில நிமிடங்களில் எல்லாக் கைத்தொலைபேசிகளுக்கும் வந்துவிட்டது. ஆனால் பிடிபட்ட சந்தேக நபரின் பெயர் முதல் ஓரிரு நாட்களில் பல விதமாக வெளியானது. அவரிடம் ஒன்றுக்கு மேற்பட்ட அடையாளங்கள் இருந்ததாகப் பிறகு சொல்லப்பட்டது. முதலில் வந்த பெயரோடு எழுதப்பட்ட செய்திகள் பல இன்றும் இணையத்தில் திருத்தப்படாமல் கிடக்கின்றன. ஒரு வருடம் கழித்துத் தேடுபவருக்கு எது முந்தியது, எது பிந்தியது என்று தெரியப் போவதில்லை.

அதே காலப்பகுதியில் பாதுகாப்புச் செயலாளர் சம்பத் துய்யகொந்தா, இராணுவத்தின் 73 ரி-56 துப்பாக்கிகள் பாதாள உலகக் குழுக்களின் கைகளுக்குப் போயிருப்பதாகச் சொன்னார். தெற்கில் இது பெரிய செய்தி. வடக்கில் வாசித்தவர்களுக்கு அது வேறு மாதிரிக் கேட்டது. முப்பது வருடமாக ஆயுதம் என்றால் வன்னியில் புதைந்திருப்பது, தமிழர்கள் மறைத்து வைத்திருப்பது என்றுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டு வந்தது. படைமுகாமின் களஞ்சியத்தில் இருந்து போன துவக்கைப் பற்றி இப்படி வெளிப்படையாகப் பேசுவது புதிது.

பரந்தன் சந்தியில் இருந்து முல்லைத்தீவு வீதியால் போனால் விசுவமடு, புதுக்குடியிருப்பு. இந்தப் பகுதிகளில் ஆயுதம் தேடிக் காணிகளைத் தோண்டும் செய்தி அடிக்கடி வரும். நீதிமன்ற அனுமதியோடு பெக்கோ வருகிறது, பொலிஸாரும் அதிரடிப்படையும் சூழ நிற்கிறார்கள், படம் வெளியாகிறது. மாலையில் என்ன நடந்தது? பல தடவைகளில் ஒன்றும் கிடைக்காமல் குழி மூடப்பட்டிருக்கிறது. ஆனால் தோண்டத் தொடங்கிய செய்தி நான்கு தளங்களில் இருக்கும், கிடைக்கவில்லை என்ற செய்தி ஒன்றில் இருந்தாலே பெரிய விடயம். நாளைக்கு ஒருவர் வன்னியில் உள்ள சட்டவிரோத ஆயுதங்கள் பற்றி ஆய்வு செய்ய இணையத்தில் இருந்து செய்திகளைத் திரட்டினால், குழிகள் எல்லாம் ஆயுதக் கிடங்குகளாகத்தான் அவருக்குத் தெரியும். அந்த ஆய்வை வைத்து முகாம் ஏன் தேவை, காணி ஏன் விட முடியாது என்று இன்னொருவர் எழுதுவார். செய்தித்தளங்கள், நாங்கள் உட்பட, பின்தொடர்ந்து எழுதாததன் விலை இது.

அறிவியல் நகரில் படிக்கும் பிள்ளையோ பரந்தனில் உயர்தரம் எழுதும் பிள்ளையோ துப்பாக்கிக் கட்டுப்பாடு பற்றி ஒரு கட்டுரை எழுத நினைத்தால் முதலில் தேவைப்படுவது சட்டம். இலங்கையின் அடிப்படைச் சட்டம் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரன் போட்டது. அதைத் தடித்த அட்டை போட்ட பழைய சட்டத் தொகுதிகளில் வாசிக்கலாம். தொகுப்பு நன்றாக இருக்கும், பிரிவுகள் ஒழுங்காக இருக்கும். ஆனால் 1956 ஆம் ஆண்டின் தொகுதியையோ 1980 ஆம் ஆண்டின் தொகுதியையோ எடுத்து வைத்துக்கொண்டு தண்டனை பற்றி எழுதினால் கட்டுரை பிழைத்துப் போகும். 1996 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதற்குள் இல்லை. தானியங்கித் துப்பாக்கியை அனுமதி இல்லாமல் வைத்திருந்தால் ஆயுள் தண்டனை வரை போகலாம் என்ற நிலை அந்தத் திருத்தத்தோடுதான் வந்தது.

இணையத்திலோ நேர்மாறான சிக்கல். மூலச் சட்டம் ஒரு பக்கத்தில், திருத்தம் இன்னொரு பக்கத்தில். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று அந்தப் பக்கங்கள் சொல்வதில்லை. தமிழில் படிப்பவருக்கு இன்னொரு கண்ணியும் உண்டு. பாராளுமன்றம் நிறைவேற்றும் சட்டங்களின் கடைசிப் பிரிவைப் பாருங்கள்: சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் முரண்பாடு இருந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்று எழுதியிருக்கும். தமிழில் சரியாகப் படித்தவர்கூட நீதிமன்றத்தில் பிழையாகலாம் என்பதே இதன் பொருள்.

இது மாணவருக்கு மட்டுமான பிரச்சினை அல்ல. பன்றியும் யானையும் வயலுக்குள் இறங்கும் இடம் இது. பயிர் காக்கத் துவக்கு வேண்டும் என்று கமக்காரர் கேட்பதில் நியாயம் உண்டு. அதற்கான அனுமதிக்கு மாவட்டச் செயலகத்தின் படி ஏற வேண்டும், வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். எண்பதுகளில் அனுமதித் துவக்கு வைத்திருந்த வீடுகளில் இருந்து இயக்கங்கள் அவற்றைப் பறித்துப் போனதும், மிஞ்சியதை அரசு வாங்கிக் கொண்டதும் முதியவர்களுக்குத் தெரியும். இப்போது அனுமதிக்கு அலைவதை விட இடியன் துவக்கோ கட்டுத்துவக்கோ வசதி என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். கட்டுத்துவக்கு சட்டவிரோதம். அது பன்றிக்கும் விறகு பொறுக்கப் போகும் மனிசிக்கும் வித்தியாசம் பார்க்காது. இதைத் தெளிவான தமிழில் சொல்லும் ஒரு சிறிய கைநூல் கிராம அலுவலர் அலுவலகத்தில் கிடந்தால், பத்து இணையத்தளங்கள் செய்யாததை அது செய்யும்.

அறிவித்தல்களில் இணையத்தின் வேகத்துக்கு ஈடு இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தற்பாதுகாப்புக்காக வழங்கப்பட்ட துப்பாக்கிகளை 2024 நவம்பர் 7 ஆம் திகதிக்குள் வெலிசறைக் களஞ்சியத்தில் ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு கேட்டது. அதற்குப் புத்தகம் வரும்வரை காத்திருக்க முடியாது. ஆனால் அந்தக் கெடு பின்னர் நீடிக்கப்பட்டது. தேடலில் முதலில் தட்டுப்படுவது முதல் திகதியா, நீடித்த திகதியா என்பது அவரவர் அதிர்ஷ்டம்.

வரலாற்றுக்கு வந்தால் தராசு புத்தகத்தின் பக்கம் சாயத் தொடங்குகிறது. 1987 யூலை 29 ஆம் திகதி கைச்சாத்தான இலங்கை-இந்திய ஒப்பந்தம், போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்து 72 மணித்தியாலங்களுக்குள் ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட வேண்டும் என்றது. ஓகஸ்ட் 4 இல் சுதுமலையில் பிரபாகரன் அது பற்றி மக்கள் முன் பேசினார். இந்த நாட்டில் நடந்த மிகப் பெரிய ஆயுதக் களைவு முயற்சி அதுதான். இரண்டு மாதங்களில் அது போராக முடிந்தது. ஏன் என்று அறிய ஒப்பந்தத்தின் வாசகம் போதாது. அது இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது, சில நிமிடங்களில் வாசித்து முடிக்கலாம். ஆனால் தூதுவராக இருந்த டிக்சிற் ஒரு நூல் எழுதினார், இந்தியப் படையை வழிநடத்திய தளபதிகள் தீபிந்தர் சிங்கும் ஹர்கிரத் சிங்கும் ஆளுக்கொரு நூல் எழுதினார்கள், அன்ரன் பாலசிங்கம் தன் பக்கத்தை எழுதினார். நால்வருக்கும் நாலு நியாயம். இந்தியத் தரப்பினரே ஒருவரோடு ஒருவர் உடன்படவில்லை. அட்டையில் பெயர் இருப்பதால் எழுதியவர் அப்போது எந்தக் கதிரையில் இருந்தார் என்று தெரிகிறது, அதற்கேற்ப நாங்கள் கழித்தும் கூட்டியும் வாசிக்கலாம். பெயரில்லாத ஒரு வலைப்பக்கத்தை எதை வைத்துக் கழிப்பது?

2002 பெப்ரவரி 22 ஆம் திகதிய போர்நிறுத்த உடன்படிக்கைக்கும் இதே கதைதான், வேறு வடிவத்தில். அதன் 1.8 ஆம் பிரிவு தமிழ்த் துணை ஆயுதக் குழுக்களின் ஆயுதங்களை அரசு களைய வேண்டும் என்றது. அது எவ்வளவு நடந்தது என்பதன் சாட்சியம் பெரும்பாலும் அன்றைய இணையத்தில் இருந்தது: கண்காணிப்புக் குழுவின் தளம், அரசின் சமாதானச் செயலகத்தின் தளம், கிளிநொச்சியில் இயங்கிய புலிகளின் சமாதானச் செயலகத்தின் தளம். 2008 சனவரியில் உடன்படிக்கை முறிந்தது. பிறகு தளங்களும் ஒவ்வொன்றாக இல்லாமல் போயின. இணைய ஆவணக் காப்பகத்தில் துண்டு துண்டாகச் சில பக்கங்கள் உண்டு. தமிழ்நெட் 2007 யூன் முதல் நாட்டுக்குள் முடக்கப்பட்டது. சம்பவம் நடந்த மண்ணில் இருந்தவர்களால் அதைப் பற்றிய செய்தியை வாசிக்க முடியாமலும், ரொறன்ரோவில் இருந்தவர்களால் வாசிக்க முடிந்ததுமான காலம் அது.

அந்த நாட்களின் நிலையைப் பதிந்த ஓர் ஆக்கம் மிஞ்சியிருக்கிறது. ஜெனீவாவில் உள்ள சிற்றாயுத ஆய்வு நிறுவனத்துக்காக கிறிஸ் சிமித் எழுதிய, போர்நிறுத்தத்தின் நிழலில் இலங்கையின் சிற்றாயுதப் பிரச்சினை என்ற பொருளிலான ஆய்வு. 2003 ஒக்ரோபரில் வெளியானது. அச்சிலும் வந்தது, இணையத்திலும் இருக்கிறது. இலங்கையின் துப்பாக்கிகள் பற்றிப் படிக்க விரும்பும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். இது புத்தகமா இணையமா என்று கேட்டால் இரண்டும்தான்.

புத்தகம் அழியாது என்றும் எங்களில் யாரும் சொல்ல மாட்டோம். 1981 இல் யாழ் நூலகத்தில் எரிந்தவை ஏறத்தாழ 97 ஆயிரம். 2009 தொடக்கத்தில் பரந்தனும் கிளிநொச்சியும் அடுத்தடுத்த நாட்களில் படையினர் வசம் போனபோது, சனம் கொண்டுபோனது பாயும் சட்டியும். ஓமந்தையைத் தாண்டும் முன்னர் படங்களையும் புத்தகங்களையும் எறிந்தவர்கள் எத்தனை பேர். அந்த இழப்பில் ஒரு பகுதியையாவது ஈடுசெய்தது இணையம்தான். 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் இன்று பழைய பத்திரிகைகளையும் துண்டுப்பிரசுரங்களையும் கூடப் பார்க்கலாம். எங்களுடைய சூழலில் அச்சும் இணையமும் போட்டியாளர்கள் என்று பேசுவதே கொஞ்சம் பொருந்தாத பேச்சு. ஒன்றை எரித்தார்கள், மற்றதை முடக்கினார்கள்.

அச்சில் வந்ததெல்லாம் உண்மை என்ற மயக்கத்துக்கு அமெரிக்காவில் இருந்து ஒரு நல்ல பாடம் உண்டு. 2000 ஆம் ஆண்டில் மைக்கல் பெலிசைல்ஸ் என்ற வரலாற்றுப் பேராசிரியர், ஆரம்பகால அமெரிக்காவில் துப்பாக்கி அரிதாகவே இருந்தது என்று ஒரு பெரிய நூல் எழுதினார். பழைய சொத்துப் பதிவேடுகளை எண்ணிப் பார்த்ததாகச் சொன்னார். வரலாற்று நூல்களுக்கான பான்குரொப்ற் பரிசும் கிடைத்தது. பிறகு மற்றவர்கள் போய்ப் பதிவேடுகளைச் சரிபார்த்தார்கள். எண்ணிக்கைகள் பொருந்தவில்லை. அவர் பார்த்ததாகச் சொன்ன சான் பிரான்சிஸ்கோ பதிவேடுகள் 1906 நிலநடுக்கத்தோடு வந்த தீயில் எரிந்து போனவை. 2002 டிசம்பரில் பரிசு பறிக்கப்பட்டது. எதிர்முகாமிலும் சுத்தம் இல்லை. துப்பாக்கி கூடினால் குற்றம் குறையும் என்று 1998 இல் நூல் எழுதிய ஜோன் லொற், இணைய விவாதங்களில் ஒரு பெண்ணின் பெயரில் புகுந்து தன்னையே புகழ்ந்து வந்ததை 2003 இல் ஒப்புக்கொண்டார். அவருடைய முடிவை உறுதிசெய்யப் போதிய ஆதாரம் இல்லை என்று அந்நாட்டின் தேசிய ஆய்வுக் கழகம் அடுத்த வருடம் சொன்னது.

அங்கே ஆதாரம் குறைவாக இருந்ததற்கு ஒரு காரணம் 1996 இல் வந்த டிக்கி திருத்தம். அது நோய்த்தடுப்பு நிலையத்தின் பணத்தைத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கு ஆதரவு தேடச் செலவிடக் கூடாது என்றது. ஆய்வுகளே இருபது வருடத்துக்கு மேல் முடங்கின. 2019 கடைசியில்தான் மறுபடி நிதி ஒதுக்கினார்கள். ஆய்வை நிறுத்திவிட்டால் புத்தகமும் தளமும் ஒன்றையொன்று பார்த்து எழுதத்தான் முடியும்.

இங்கே தடை வேறு விதம். கொழும்பில் உள்ள மாணவர் ரி-56 என்று தேடினால் அது ஆய்வு. கண்டாவளையில் உள்ள இளைஞர் தேடினால்? பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 இல் இருந்து இருக்கிறது. முகநூலில் ஒரு படத்தைப் பகிர்ந்ததற்காக அதன் கீழ் உள்ளே போன தமிழ் இளைஞர்கள் உண்டு. 2024 இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்து சேர்ந்தது. கைத்தொலைபேசி எல்லாத் தேடலையும் ஞாபகம் வைத்திருக்கும், சோதனையில் அதைக் கொடு என்றால் கொடுக்க வேண்டிவரும். நூலகத்தின் வாசிப்பு மேசையில் இருந்து படித்தவரிடம் அப்படி எதுவும் இல்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் ஆய்வு வழிகாட்டிகளில் இந்த வேறுபாடு வராது. எங்கள் பிள்ளைகளுக்கு அதுதான் முதல் வேறுபாடு.

அந்த மேசையில் தமிழில் என்ன இருக்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி. பிரதேச சபை நூலகங்களில் பரீட்சை வழிகாட்டிகள் நிறைய. சிற்றாயுதம், ஆயுதக் களைவு பற்றித் தமிழில் எழுதிய நூல் அலுமாரியில் காண்பது அபூர்வம். 2011 இல் வந்த நல்லிணக்க ஆணைக்குழுவின் அறிக்கை சட்டவிரோத ஆயுதக் குழுக்களின் ஆயுதங்களைக் களையச் சொன்னது. சாட்சியம் சொன்ன மக்களில் பலருக்கு ஆங்கிலம் தெரியாது, அறிக்கை முதலில் வந்ததோ ஆங்கிலத்தில். இணையத்தில் இயந்திர மொழிபெயர்ப்பை நம்பினால் ரவைக்கூடு சஞ்சிகையாகிவிடும். வன்னியில் அதை வாசித்துச் சிரிக்காத ஆள் இருக்க முடியாது, ஏனென்றால் ரவைக்கூடு எப்படி இருக்கும் என்று இங்கே பத்து வயதில் தெரிந்துகொண்டவர்கள் அதிகம்.

இப்போதைக்குச் செய்யக்கூடியவை சில உண்டு. 1996 திருத்தத்தின் தமிழ் உரையையும் 1916 கட்டளைச் சட்டத்தையும் ஒன்றாக அச்சிட்டு ஒவ்வொரு பொது நூலகத்திலும் பாடசாலை நூலகத்திலும் வைக்கலாம். செலவு சில நூறு ரூபா. கிறிஸ் சிமித்தின் ஆய்வைத் தமிழாக்க யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆள் இல்லாமல் இல்லை. தோண்டிய குழிகளின் முடிவுகளை, அதாவது எந்தக் காணி, எந்தத் திகதி, என்ன கிடைத்தது அல்லது கிடைக்கவில்லை என்பதை, நீதிமன்றப் பதிவேட்டில் இருந்து எடுத்து ஒரே பட்டியலாக வெளியிடுவது எங்களைப் போன்ற செய்தித்தளங்களின் வேலை. அந்தப் பட்டியலின் ஒரு பிரதியை அச்சிலும் வைக்க வேண்டும். தளத்துக்கு அடுத்த வருடம் என்ன நடக்கும் என்று தெரியாது.