காக்கை உட்கார்ந்தது, பனம்பழம் விழுந்தது, பழி ஊசி மேல்

"முதல் ஊசி போட்டோம் சார். அஞ்சாம் நாள் வாந்தி, ரத்தபேதி. நல்லா இருந்த குட்டியை ஊசி போட்டே கொன்னுட்டாங்க."

பெங்களூரில் குடியேறிய நம்மூர்க் குடும்பங்கள் நாலு சேருகிற இடத்தில் இந்த வசனத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அபார்ட்மெண்ட் லிஃப்ட், அல்சூர் கோயில் வாசல், வெள்ளிக்கிழமை ராத்திரி சேலம் பஸ், எங்கேயாவது ஒரு இடத்தில். கேட்டவர்கள் உச்சுக் கொட்டிவிட்டு, தாங்கள் வாங்கப் போகிற குட்டிக்கு ஊசியே வேண்டாம் என்று முடிவு கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். அந்த முடிவு தப்பு. தப்பு மட்டும் இல்லை, ஒருத்தருக்கு நல்ல லாபம் தருகிற தப்பு. அந்த ஒருத்தர் யார் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கடன் ஃபைல் பார்க்கிறவன். ஆனால் தேதி பார்க்கத் தெரியும். எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்று வரிசையாக எழுதினாலே பாதி தில்லுமுல்லு வெளியே வந்துவிடும் என்பது எங்கள் தொழிலில் கற்ற பாடம். அதையே இங்கேயும் செய்து பார்ப்போம்.

குட்டிகள் வாந்தியும் நாற்றமடிக்கும் ரத்தபேதியுமாகச் சுருண்டு விழுவதற்குப் பெரும்பாலும் காரணம் பார்வோ வைரஸ். கிருமி உள்ளே போன அன்றைக்கே நோய் தெரியாது. பொதுவாக 3 முதல் 7 நாள் ஆகும், சில சமயம் 2 வாரம் வரைகூட ஆகும். டிஸ்டெம்பர் என்றால் இன்னும் தாமதமாகலாம். அப்படியானால் ஊசி போட்டு அஞ்சாம் நாள் படுத்த குட்டிக்குள் கிருமி எப்போது போயிருக்கும்? ஊசி போட்ட அன்றையை ஒட்டி, அல்லது அதற்கும் முன்னால். விற்றவர் கூண்டிலேயே போயிருக்கலாம், அட்டைப்பெட்டியில் வைத்து எடுத்து வந்த வழியில் போயிருக்கலாம், இறக்கி விட்ட தரையில் போயிருக்கலாம். நீங்கள் "நல்லா இருந்த குட்டி" என்று நினைத்தது, கிருமி உள்ளே சத்தமில்லாமல் பெருகிக்கொண்டிருந்த குட்டி.

ஊசிக்கும் தேதி உண்டு. போட்ட நிமிடமே காப்பு வந்துவிடாது. உடம்பு எதிர்ப்புச் சக்தியைத் தயார் செய்ய நாள் பிடிக்கும். விபத்து நடந்த மறுநாள் எடுத்த இன்ஷூரன்ஸ் பாலிசியை வைத்துக்கொண்டு "பாலிசி எடுத்ததால்தான் வண்டி மோதியது" என்று யாராவது சொன்னால் சிரிப்போம். குட்டி விஷயத்தில் மட்டும் அதை அப்படியே நம்புகிறோம்.

சரி, ஊசியால் எதுவுமே வராதா? வரும். அதை மறைத்துவிட்டு வாதாடினால் நானும் அந்த விற்கிற ஆசாமி மாதிரிதான். ஊசி போட்ட ஒன்றிரண்டு நாள் லேசான காய்ச்சல், சோர்வு, ஊசி போட்ட இடத்தில் சின்ன வீக்கம் எல்லாம் சகஜம். அபூர்வமாக அலர்ஜி வரும்: முகம் வீங்கும், தடிப்பு தடிப்பாய் எழும்பும், வாந்தி எடுக்கும், மயங்கியும் விழலாம். அது நிமிடங்களில், சில மணி நேரத்தில் வருவது. உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய விஷயம். எவ்வளவு அபூர்வம்? அமெரிக்காவில் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்து 2005ல் வெளியான ஆய்வில், ஊசி போட்ட 3 நாளுக்குள் ஏதாவது ஒரு பாதிப்பு பதிவானது 10,000 நாய்களுக்கு 38 என்ற கணக்கில்தான். அதாவது ஆயிரத்துக்கு நாலுகூட இல்லை. சில மணி நேரத்தில் வருவது ஊசியின் கணக்கு. அஞ்சாம் நாள் ரத்தபேதி வேறு கணக்கு. இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுதுவதுதான் நாம் செய்யும் தப்பு.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. பிறந்த முதல் நாள் குடிக்கிற சீம்பாலில் தாய் தன் எதிர்ப்புச் சக்தியைக் குட்டிக்குக் கொடுத்துவிடுகிறது. அம்மா போட்டு வைத்த வைப்புத்தொகை மாதிரி. வட்டி இல்லாத வைப்பு, வாரா வாரம் கரைந்துகொண்டே வரும். இதில் சிக்கல் என்னவென்றால், அந்த வைப்பு மிச்சம் இருக்கும் வரை ஊசி மருந்தையும் அது அடித்து வீழ்த்திவிடும். கரைந்துபோன பிறகோ குட்டிக்குக் காப்பே இருக்காது. ஊசியைத் தடுக்கும் அளவுக்கு இருக்கிறது, நோயைத் தடுக்கும் அளவுக்கு இல்லை என்ற ஒரு இடைவெளி ஒவ்வொரு குட்டிக்கும் வருகிறது. எந்த வாரம் என்று வெளியே இருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் ஒரே ஊசியோடு நிறுத்துவதில்லை. உலகச் சிறுபிராணி கால்நடை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல் இதுதான்: 6 முதல் 8 வாரத்தில் ஆரம்பித்து, 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரமோ அதற்கு மேலோ ஆகும் வரை போட வேண்டும். அந்தக் கடைசி ஊசிதான் முக்கியம். நம் ஆட்களோ முதல் ஊசி போட்ட சாயங்காலமே குட்டியைப் பார்க்குக்குக் கூட்டிப் போய் எல்லா நாயும் மோந்து பார்த்த புல்லில் விடுகிறார்கள்.

இப்போது அந்த லாபக்காரருக்கு வருவோம்.

குட்டி வாழ்க்கையில் ஆபத்தான காலம் சுமாராக 6 வாரம் முதல் 16 வாரம் வரை. குட்டி போட வைத்து விற்கிறவர் 30, 35 நாளில் விற்றுவிடுகிறார். ஏன்? "இப்பவே எடுத்துப் போனாத்தான் உங்ககிட்ட ஒட்டும் சார்" என்பார். அது விற்கிறவர் வசனம். உண்மைக் காரணம், அஞ்சாம் வாரத்திலிருந்து குட்டிகள் நிறைய தின்னும், ஊசிச் செலவு வரும், ஒன்றுக்குப் பார்வோ வந்தால் கூண்டே காலியாகும். வாராக் கடனாகப் போகிறது என்று தெரிந்த கணக்கை, கெடுவதற்கு முந்தின வாரம் முழு விலைக்கு வேறொருவர் தலையில் கட்டுவது போன்ற வேலை இது. லாபம் அவருக்கு, ஆபத்து உங்களுக்கு. குட்டி படுத்த பிறகு போன் செய்தால் பதில் தயாராக இருக்கும்: "எங்ககிட்ட நல்லாத்தான் இருந்துச்சு. ஊசி போட்டதுக்கு அப்புறம்தானே படுத்துச்சு? டாக்டரைக் கேளுங்க." ஊசி மேல் பழி போடுகிற ஒவ்வொருவரும், தெரிந்தோ தெரியாமலோ, இந்த ஆசாமிக்குச் சம்பளம் வாங்காத வக்கீல்.

எங்கள் குடியிருப்பில் நடந்ததைச் சொல்கிறேன். திருச்சிப் பக்கத்துக் குடும்பம், இரண்டு பிள்ளைகள். 35 நாள் லாப்ரடார் குட்டி ஒன்றை வாங்கி வந்தார்கள். ஒரு வாரத்தில் ஊசி, அடுத்த வாரத்தில் குட்டி இல்லை. சின்னவள் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவளைத் தேற்ற இரண்டே மாதத்தில் இன்னொரு குட்டி வந்தது. இந்த முறை பெரியவர்கள் உறுதியாக இருந்தார்கள்: ஊசி கிடையாது. இரண்டாவதும் அதே வாந்தி, அதே ரத்தபேதியில் போனது. ஊசியே போடாத குட்டியைக் கொன்றது எந்த ஊசி? பார்வோ வைரஸ் தரையிலும் மண்ணிலும் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். நம் வீடுகளில் ஊற்றுகிற ஃபினாயிலுக்கு அது மசியாது, ப்ளீச்சிங் கரைசல் வேண்டும். முதல் குட்டிக்கு யார் காரணம் என்று சரியாகப் பார்த்திருந்தால் இரண்டாவது குட்டி பிழைத்திருக்கும். அந்தச் சின்னப் பெண்ணும் ஒரே வருஷத்தில் இரண்டு தடவை அழுதிருக்க மாட்டாள்.

"எங்க தாத்தா வீட்டு நாய்க்கு யாரு ஊசி போட்டா? பழைய சோறு தின்னுட்டு பதினஞ்சு வருஷம் இருந்துச்சு" என்பார்கள். அய்யா, தாத்தா காலத்தில் இந்த நோயே கிடையாது. நாய்களைத் தாக்கும் இந்தப் பார்வோ 1978 வாக்கில்தான் உலகம் முழுக்கப் பரவியது. 1980களின் தொடக்கத்திலேயே சென்னையிலிருந்து இதைப் பற்றி ஆய்வுக் குறிப்புகள் வந்துவிட்டன. இன்னொன்று, அந்த ஈற்றில் பிறந்த மற்ற ஆறு குட்டிகள் என்ன ஆயின என்று தாத்தாவிடம் யாரும் கேட்டதில்லை. பிழைத்த ஒன்றுக்குத்தான் பெயர் வைத்தோம், அதைத்தான் நினைவில் வைத்திருக்கிறோம்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2015ல் சட்ட ஆணையம் தன் 261வது அறிக்கையில் இந்த வியாபாரத்தை ஒழுங்குபடுத்தச் சொன்னது. 2017ல் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் வந்தன. 2018ல் செல்லப்பிராணிக் கடைகளுக்குத் தனி விதிகள் வந்தன. 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. குட்டி போட வைத்து விற்கிறவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. மீறினால்? தாய்ச் சட்டம் 1960ல் வந்த மிருகவதைத் தடுப்புச் சட்டம். அதன்கீழ் போட்ட விதிகளை மீறினால் அபராதம் 100 ரூபாய் வரை, அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 25,000 ரூபாய்க்குக் குட்டி விற்கிறவருக்கு அந்த 100 ரூபாய் டீச்செலவு. இங்கிலாந்தில் 2020லிருந்து 6 மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளை இடைத்தரகர்களும் கடைக்காரர்களும் விற்கவே முடியாது. வளர்த்தவரிடமோ காப்பகத்திலோதான் வாங்க வேண்டும். நாம் அந்தத் தூரம் போக இன்னும் நாளாகும் போலிருக்கிறது.

டாக்டர்களையும் விட மாட்டேன். வயதைக் கேட்காமல், காய்ச்சல் பார்க்காமல், மலம் எப்படிப் போகிறது என்று கேட்காமல் ஊசியைக் குத்தி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். "இன்னும் பத்து நாளைக்குள்ள நோய் வந்தா, அது முன்னாடியே உள்ள இருந்ததா இருக்கலாம்" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லி அனுப்பினால் இந்த வதந்தியில் பாதி செத்துவிடும். ஊசி மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். வெயிலில் கிடந்த மருந்து நாயைக் கொல்லாது, ஆனால் காப்பாற்றவும் செய்யாது. விற்கிறவரே "ரெண்டு ஊசி போட்டாச்சு" என்று நீட்டுகிற கார்டை நம்பாதீர்கள். மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர், பேட்ச் எண், காலாவதித் தேதி, டாக்டர் கையெழுத்து, பதிவு எண் எல்லாம் இருந்தால்தான் அது கார்டு. இல்லாவிட்டால் வெறும் அட்டை.

இந்தப் பயம் நாய்க்குட்டியோடு நிற்பதும் இல்லை. 1998ல் லண்டனில் 12 குழந்தைகளை வைத்து எழுதிய ஒரு கட்டுரை அம்மைத் தடுப்பூசி மேல் பழியைக் கிளப்பியது. 2010ல் அந்தப் பத்திரிகையே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. பயம் மட்டும் இன்னும் திரும்பவில்லை. குட்டிக்கு ஊசி வேண்டாம் என்கிற வீட்டில் 12 வாரத்தில் போட வேண்டிய ரேபிஸ் ஊசியும் சேர்ந்து நின்றுபோகிறது. மனிதருக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் நாய் மூலம் வருவது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நோய் வந்த பிறகு அநேகமாகப் பிழைப்பே கிடையாது. நாயோடு தரையில் புரள்வது யார்? உங்கள் பிள்ளைதான்.

ஆக, செய்ய வேண்டியவை:

1. 8 வாரம் ஆகாத குட்டியை, யார் எவ்வளவு கொஞ்சினாலும், வாங்காதீர்கள். தாயையும் மற்ற குட்டிகளையும் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் கிளம்பி விடுங்கள்.

2. வளர்ப்பவரின் பதிவுச் சான்று, தாயின் ஊசிக் கார்டு, ரசீது மூன்றையும் கேளுங்கள். ஒரு சேமிப்புக் கணக்கு திறக்க நாங்கள் ஆதார், பான் எல்லாம் கேட்டால் முகம் சுளிக்காமல் தருகிறீர்கள். உயிரை வாங்கும்போது நீங்கள் கேட்டால் என்ன?

3. வாங்கின மறுநாளே டாக்டரிடம் முழுப் பரிசோதனை. ஊசி என்றைக்கு என்பதை அவர் முடிவு செய்யட்டும். 16 வாரம் தாண்டிய ஊசி முடியும் வரை தெரு, பார்க், மற்ற நாய்கள் வேண்டாம்.

4. வாந்தி, பேதி, சாப்பிடாமல் சுருண்டு படுப்பது: ஊருக்குப் போன் போட்டுக் கைவைத்தியம் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். நேரத்தோடு ட்ரிப் ஏற்றிச் சிகிச்சை கொடுத்தால் பார்வோ வந்த குட்டிகளில் பெரும்பாலானவை பிழைக்கும்.

5. தனியார் கட்டணம் கட்டுப்படவில்லையா? கன்னடத்தில் 'பஷு ஆஸ்பத்ரெ' என்று போர்டு இருக்கும். பசு மாட்டுக்கு மட்டும் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடாதீர்கள், அது கால்நடை மருத்துவமனை. ஹெப்பாளில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

சட்டத்தின் கையில் இருப்பது 100 ரூபாய். உங்கள் கையில் இருப்பது 25,000 ரூபாய். 35 நாள் குட்டியை நீட்டுகிறவருக்கு எது வலிக்கும் என்று கணக்குப் படித்தவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.