'உள் மாவட்டங்கள்' என்றால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வடகிழக்குப் பருவமழை முன்னோட்டக் கட்டுரை படித்தேன். சென்னை, கடலூர், நாகை என்று கரையோரத்தை விரிவாக அலசிவிட்டு, 'உள் மாவட்டங்களில் மிதமான மழை' என்ற ஒற்றை வரியில் தேனியை முடித்துவிட்டீர்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மாநில சராசரி சுமார் 44 செ.மீ. எங்கும் அப்படியே பெய்துவிடுமா? 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது! கரையில் புயலும் காற்றழுத்தத் தாழ்வும்தான் கணக்கு. எங்கள் தேனியின் கம்பம் பள்ளத்தாக்கில் கதையே வேறு. கிழக்குக் காற்று வருசநாட்டு, மேகமலைத் தொடர்களைத் தாண்டி வர வேண்டும். காலையில் சுள்ளென்று வெயில், மாலையில் இடியோடு மழை. ஓர் ஊர் நனையும், பக்கத்து ஊர் காயும்.

பன்னீர் திராட்சை பழுக்கும் சமயத்தில் நல்ல மழை ஒன்று பெய்தால் பழம் வெடித்துவிடும், கொடியில் அடிச்சாம்பல் நோய் ஏறும். மருந்தடிப்பதா, முன்கூட்டியே பறிப்பதா என்று முடிவெடுக்க இரண்டு மூன்று நாள் அவகாசமாவது வேண்டும்.

முல்லைப் பெரியாறு, வைகை அணை நீர்மட்டங்களோடு உத்தமபாளையம், போடி, வீரபாண்டி மழையளவையும் வட்டார முன்னறிவிப்பையும் தினமும் வெளியிட வேண்டுகிறேன்.

– ஒரு திராட்சை விவசாயி, சின்னமனூர்