நாய்க்குட்டி யாருடைய பொறுப்பு?

"பிள்ளைக்குப் பொறுப்பு வரட்டும், ஒரு நாய்க்குட்டி வாங்கிக் கொடுப்போம்" என்று நம் குடும்பங்களில் பலர் சொல்வதைக் கேட்கிறோம். விருப்பம் நல்லதுதான். ஆனால் பொறுப்பைக் கற்றுக்கொடுக்கும் வேலையை நாய்க்குட்டியிடம் விட முடியாது. அது தாய் தகப்பனின் வேலை. அதற்கு நேரமில்லாத வீட்டில் நாய்க்குட்டி வேண்டாம் என்பதே எங்கள் எண்ணம்.

ஊரில் நம் பெற்றோர் சிறுவயதில், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஆட்டுக்குக் குழை ஒடித்தார்கள். பொழுதுபட முன் கோழிகளைக் கூட்டில் அடைத்தார்கள். பிள்ளை மறந்தாலும் அம்மம்மாவோ பெரியப்பாவோ பார்த்துக்கொள்வார்கள். நாயும் படலையைத் தாண்டித் தன் பாட்டில் திரிந்துவிட்டு வரும். ஸ்காபரோவில் பத்தாம் மாடியில் வளரும் நாய் என்ன செய்யும்? தண்ணீருக்கும், வெளியே போவதற்கும் நம் கையையே பார்த்திருக்கும். தை மாதக் குளிரிலும் காலையில் அதை வெளியே கூட்டிப்போக வேண்டும். நடைபாதையில் தூவிய உப்பு பாதங்களைப் புண்ணாக்கும் என்பதால், வந்ததும் கழுவித் துடைக்க வேண்டும். பத்து, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு இந்த வேலை ஓயாது. எட்டு வயதில் நாயைக் கேட்டு அழுத பிள்ளை பல்கலைக்கழகத்துக்குப் போனபின்பும் நாய் நம் வீட்டில்தான் இருக்கும்.

தாதியராக வேலை செய்யும் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மாணவத் தாதி முதல்முறை ஊசி போடும்போது, அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நின்று மருந்தையும் அளவையும் சரிபார்ப்பார். மாணவர் கற்பதற்காக நோயாளி துன்பப்பட விடமாட்டோம். வேலை முடிந்ததும் அடுத்தவரிடம் விவரம் சொல்லி ஒப்படைக்காமல் வீட்டுக்குப் போகவும் மாட்டோம். வீட்டிலும் இதே ஒழுங்கு வேண்டும். "நீ மறந்தாய், நாய் பட்டினி கிடக்கட்டும், அப்போதுதான் உனக்குப் புத்தி வரும்" என்றால், தண்டனை அனுபவிப்பது வாயில்லாத ஜீவன்.

ஐந்து வயதுப் பிள்ளை தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்பலாம். ஒன்பது வயதில் உணவை அளந்து வைத்து, குளிர்சாதனப்பெட்டிக் கதவில் ஒட்டிய தாளில் அடையாளம் இடலாம். பதின்மூன்று, பதினான்கு வயதில் நடக்கக் கூட்டிப் போகலாம். ஒவ்வொரு நாளும் அந்தத் தாளைப் பார்ப்பதும், மருந்தும், செலவும் பெரியவர்களுடைய வேலை. சிறு பிள்ளையையும் நாயையும் தனியே விடாதீர்கள். கடித்தாலோ கீறினாலோ 15 நிமிடம் ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, மருத்துவரிடம் காட்டுங்கள். வெங்காயமும் உள்ளியும் போட்ட நம் கறி, சொக்லேட், திராட்சை வற்றல் சேர்ந்த கிறிஸ்மஸ் கேக் எல்லாம் நாய்க்கு நஞ்சு. இதைப் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவையுங்கள்.

சட்டமும் பெரியவர்களையே தேடி வருகிறது. ஒன்ராறியோவின் நாய் உரிமையாளர் பொறுப்புச் சட்டப்படி, நாயின் சொந்தக்காரர் வயது குறைந்த பிள்ளையாக இருந்தால், அந்தப் பிள்ளைக்குப் பொறுப்பானவரும் சொந்தக்காரராகவே கருதப்படுவார். மூன்று மாதம் கடந்த நாய்க்கும் பூனைக்கும் விசர்நோய்த் தடுப்பூசி கட்டாயம். ரொறன்ரோ நகரில் இரண்டுக்கும் அனுமதிப்பத்திரமும் எடுக்க வேண்டும்.

இந்த நகரின் வரலாற்றிலும் இதற்கு ஒரு பாடம் உண்டு. ஜே. ஜே. கெல்சோ என்ற இளம் பத்திரிகையாளர் 1887இல் ரொறன்ரோ ஹியூமேன் சொசைட்டியைத் தொடங்கியபோது, பிள்ளைகளையும் மிருகங்களையும் கொடுமையிலிருந்து காப்பதே அதன் நோக்கமாக இருந்தது. பிள்ளைகளுக்கென்று சில்ட்ரன்ஸ் எய்ட் சொசைட்டி 1891இல்தான் வந்தது. இரு சாராருமே பெரியவர்களின் கையை நம்பி வாழ்கிறவர்கள் என்று அவர் கண்டிருக்க வேண்டும். நீதிமானின் இரக்கம் தன் வீட்டு மிருகம் வரை எட்டும் என்று நீதிமொழிகள் 12:10 நமக்கும் உணர்த்துகிறது.

ஆகவே, வாங்குவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். ஒரு மாதம், நாய் இல்லாமலே, காலை ஆறரை மணிக்குப் பிள்ளையும் நீங்களும் இருபது நிமிடம் வெளியே நடந்து வாருங்கள். மழையென்றும் பனியென்றும் ஒரு நாளும் தவறவிடாதீர்கள். முப்பதாம் நாளும் இருவரும் சப்பாத்தை மாட்டிக்கொண்டு கிளம்பினால், தாராளமாக நாய்க்குட்டியை வீட்டுக்குக் கூட்டி வரலாம்.